புறாவுக்குக் கம்பு மட்டும் போதுமா?

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளில் மாலை நேரத்தில் மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்தால் பலகையாலும் கம்பி வலையாலும் கட்டிய புறாக் கூண்டுகள் தென்படும். துறைமுகத்திலும் பட்டறைகளிலும் வேலை முடித்துத் திரும்பியவர்கள் தானியக் குவளையுடன் மாடியேறி, சீழ்க்கை அடித்துப் புறாக்களை இறக்குவதைக் காணலாம். கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்போர் குடியேறியதால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில், புறா வளர்ப்பு இன்றும் பலருக்கு உயிரான பொழுதுபோக்கு. நெடுந்தொலைவிலிருந்து கூடு திரும்பும் ஹோமர் புறாக்களும், வானில் குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறாக்களும் இங்கே பெயர் பெற்றவை.

கிராமங்களிலும் கோழிகளோடு நாலைந்து ஜோடி புறா வளர்க்கும் சிறு விவசாயிகள் உண்டு. நகரமானாலும் கிராமமானாலும் வளர்ப்போர் சந்திக்கும் தொல்லை ஒன்றே. ஜோடி சேர்ந்த புறா முதல் இரண்டு ஈடு நன்றாகப் பொரிக்கிறது. மூன்றாம் ஈட்டில் தோல் முட்டை இடுகிறது. அடுத்த ஈட்டில் தாய்ப் புறா முட்டை இட முடியாமல் முக்கி, கூண்டின் மூலையில் குந்தி, மறுநாள் இறந்து கிடக்கிறது. பொரித்த குஞ்சுகளோ கால் கோணி, மார்பெலும்பு வளைந்து, பறக்கத் தகுதியற்றுப் போகின்றன. வளர்ப்போர் இதைச் சீக்கு என்று எண்ணி மருந்து தேடுகின்றனர். பல சமயங்களில் குறை மருந்தில் இல்லை, தீவனத்தில் இருக்கிறது.

"புறாவுக்கு என்ன, கம்பை வீசினால் போதும்" என்பது பரவலான எண்ணம். இது தவறு. கம்பு நல்ல தானியந்தான். ஆனால் எந்த ஒரு தானியமும் தனியாக ஒரு பறவையை நெடுநாள் காப்பாற்றாது. தானியம், பயறு, கிளிஞ்சல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் புறாவுக்கு அது முழுத் தீவனம்.

புறா கற்றுத் தந்த பாடம்

ஒரே தானியத்தைத் தின்னும் பறவைக்கு என்ன நேரும் என்பதை உலகம் அறிந்துகொண்டதில் கோழிக்கும் புறாவுக்கும் பெரும் பங்கு உண்டு. 1890-களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், நன்கு தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் மடங்கி, கழுத்து இழுத்து வீழ்வதைக் கண்டார். தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தபோது அவை பிழைத்தன. பின்னர் லண்டனில் காசிமிர் ஃபங்க் என்ற அறிஞர், தீட்டிய அரிசி கொடுத்து நோயுற்ற புறாக்களைக் கொண்டே தவிட்டிலுள்ள காக்கும் சத்தை ஆராய்ந்தார். அவர் 1912-ல் இட்ட பெயரே இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் 'வைட்டமின்'. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து வளர்ப்போர் அறிய வேண்டியது எளிது. வீட்டில் மிஞ்சும் தீட்டிய பச்சரிசியையோ சோற்றையோ மட்டும் போட்டுப் புறா வளர்க்கக் கூடாது. வயிறு நிறையும், உடல் நிறையாது. பி1 வைட்டமின் குறைந்து தலை பின்னுக்கு மடங்கும்.

ஆனால் கழுத்துத் திருகல் எல்லாமே சத்துக் குறை என்று எண்ணிவிடவும் கூடாது. கோழிகளின் ராணிக்கெட் நோயை ஒத்த நச்சுயிரி நோயிலும் புறாவின் கழுத்து இவ்வாறே திருகும். அது மற்றப் புறாக்களுக்கும் பரவும். கழுத்து திருகிய புறாவை உடனே தனியே பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தானியமும் பயறும் ஏன் சேர வேண்டும்?

தானியங்கள் உடலுக்குச் சூடும் பறக்கும் சக்தியும் தருபவை. பயறு வகைகள் சதை, இறகு, முட்டை, குஞ்சு ஆகியவற்றை வளர்ப்பவை. கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றில் புரதம் 100-க்கு 10 முதல் 12 பங்குதான். கேழ்வரகில் 7 பங்கே. பச்சைப்பயறு, தட்டைப்பயறு இவற்றில் 24 பங்கும், கொள்ளில் 22 பங்கும், பட்டாணியில் ஏறத்தாழ 20 பங்கும் உள்ளன.

புரதத்தின் அளவு மட்டுமல்ல, அதன் தரமும் முக்கியம். தானியப் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பயறில் அது நிறைய உண்டு. பயறில் மெத்தியோனின் என்ற கூறு குறைவு. தானியத்தில் அது பயறைவிட மேல். இரண்டும் கலந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. நம் வீடுகளில் அரிசியும் உளுந்தும் சேர்த்து இட்லிக்கு அரைப்பதும், அரிசியும் பயற்றம் பருப்பும் சேர்த்துப் பொங்கல் வைப்பதும் இதே முறைதான்.

சோயா மொச்சையில் புரதம் மிகுதி என்று அதை வறுக்காமல் வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது. பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உள்ளது. பட்டாணி விலை ஏறும்போது அதற்குப் பதில் தட்டைப்பயறு சேர்க்கலாம். கொள்ளையும் சிறிதளவு சேர்க்கலாம்.

பருவத்துக்கு ஏற்ற கலவை

ஆண்டு முழுவதும் ஒரே கலவை கொடுப்பதும் சரியல்ல. சும்மா இருக்கும் புறாவின் தேவை வேறு. குஞ்சு வளர்க்கும் புறாவின் தேவை வேறு. கீழ்க்கண்ட அளவுகள் 10 கிலோ கலவைக்கு உரியவை.

ஓய்வுக் காலம்: கம்பு 3 கிலோ, சோளம் 2 கிலோ, மக்காச்சோளம் 2 கிலோ, கோதுமை 1 கிலோ, பச்சைப்பயறு 1 கிலோ, பட்டாணி 1 கிலோ. இதில் புரதம் 100-க்கு சுமார் 13 பங்கு இருக்கும்.

முட்டை இட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம்: கம்பு 2.5 கிலோ, சோளம் 1.5 கிலோ, மக்காச்சோளம் 2 கிலோ, பச்சைப்பயறு 1.5 கிலோ, பட்டாணி 1.5 கிலோ, தட்டைப்பயறு 1 கிலோ. இதில் புரதம் 100-க்கு 15 முதல் 16 பங்கு வரும்.

பந்தயக் காலம்: மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு 2 கிலோ, சோளம் 1 கிலோ, குசும்பா விதை 1 கிலோ, பட்டாணி 1 கிலோ, பச்சைப்பயறு 1 கிலோ.

இறகு உதிர்க்கும் காலம்: குஞ்சு வளர்க்கும் காலத்துக் கலவையையே கொடுத்து, 10 கிலோவுக்கு 200 கிராம் எள் சேர்த்தால் போதும். இறகு முழுக்க முழுக்கப் புரதம். அதற்கு வேண்டிய மெத்தியோனின் எள்ளில் மிகுதி. இக்காலத்தில் தீவனம் குறைந்தால் புதிய இறகில் குறுக்குக் கோடு விழும். பந்தயத்தில் அந்த இடத்தில்தான் இறகு ஒடியும்.

ஒரு கலவையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாற்றக் கூடாது. ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

மக்காச்சோளம் சிறு மணியாக இருப்பது நல்லது. பெரு மணியானால் இரண்டாக உடைத்துப் போடலாம்; ஆனால் உடைத்ததை நெடுநாள் வைக்கக் கூடாது. மஞ்சள் மக்காச்சோளத்தில் ஏ வைட்டமினாக மாறும் சத்து உண்டு. வெள்ளைச் சோளத்தில் அது இல்லாததற்குச் சமம். ஆகவே வாரம் இரண்டு மூன்று முறை முருங்கைக் கீரையையோ கொத்தமல்லித் தழையையோ கழுவி, பொடியாக நறுக்கிக் கொடுப்பது நலம்.

தொலைதூரப் பறப்புக்கு எண்ணெய்ச் சத்து

பந்தயக் கலவையில் மக்காச்சோளமும் குசும்பாவும் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நெடுந்தூரம் பறக்கும் புறா தன் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்தே பறக்கிறது. பயறை அளவுக்கு மீறிக் கொடுத்தால் வலிமை கூடும் என்று நினைப்பது பிழை. மிகுதியான புரதத்தை உடல் கழிவாக்கி வெளியேற்ற வேண்டியிருப்பதால் புறாவுக்குத் தாகமும் களைப்புமே மிஞ்சும்.

பந்தயம் இல்லாவிட்டாலும் உழைக்கும் புறாவுக்கு இது பொருந்தும். ஒடிசா காவல் துறையில் 1946-ல் இராணுவம் கொடுத்த புறாக்களைக் கொண்டு புறாத் தபால் தொடங்கப்பட்டது. 1948 ஏப்ரலில் சம்பல்பூரிலிருந்து கட்டக்குக்குப் பிரதமர் நேரு அனுப்பிய செய்தியையும், 1982 வெள்ளத்திலும் 1999 பெரும் புயலிலும் கம்பித் தொடர்பு அறுந்த ஊர்களின் செய்தியையும் அப்புறாக்கள் சுமந்தன. அத்தகைய வேலை வெறும் வயிற்றிலோ ஒற்றைத் தானியத்திலோ நடவாது.

பறந்து களைத்து இறங்கிய புறாவுக்கு உடனே பயறும் மக்காச்சோளமும் திணிக்கக் கூடாது. முதலில் சுத்தமான தண்ணீர். அதில் லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பும் சிறிது வெல்லமும் கரைக்கலாம். அரை மணி நேரம் சென்று கம்பு, சோளம் போன்ற சிறு மணிகளைக் குறைவாகப் போட வேண்டும். முழுத் தீவனம் மறுநாள் கொடுத்தால் போதும்.

சுண்ணாம்புச் சத்துக் கணக்கு

எல்லாத் தானியமும் பயறும் சேர்த்துக் கொடுத்த பிறகும் தோல் முட்டை ஏன் வருகிறது? இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன குஞ்சு வளர்க்கும் காலத்துக் கலவையில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 54 மில்லி கிராம்தான் இருக்கிறது. தாய்ப் புறா நாளுக்கு 40 கிராம் தின்றால் அதற்குக் கிடைப்பது 22 மில்லி கிராம். ஒரு புறா முட்டையின் ஓட்டுக்கு மட்டும் ஏறத்தாழ அரை கிராம், அதாவது 500 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. புறா ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் இரண்டாம் முட்டைக்கும் இடையே இரண்டு நாள்கூட முழுதாக இராது. ஆகவே ஓர் ஈட்டுக்கு வேண்டிய 1,000 மில்லி கிராமைத் தானியத்தில் இருந்தே எடுப்பதானால், தின்றதில் ஒரு துளியும் வீணாகாமல் சேர்ந்தாலும் 45 நாள் ஆகும். நல்ல ஜோடியோ முந்தைய குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்குமுன்பே அடுத்த ஈட்டுக்கு உட்கார்ந்து விடும்.

இந்தப் பற்றாக்குறையைத் தாய்ப் புறா எங்கிருந்து ஈடு செய்கிறது? தன் எலும்பிலிருந்துதான். முட்டையிடும் பறவைகள் கால் எலும்புகளின் உட்புறத்தில் சுண்ணாம்பைச் சேமித்து வைத்து, ஓடு கட்டும்போது அதை எடுத்துக்கொள்கின்றன. சேமிப்பு தீர்ந்ததும் ஓடு மெலிகிறது. பின் தோல் முட்டையாகிறது. முட்டையை வெளித் தள்ளும் சதைக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது வற்றும்போதுதான் முட்டை உள்ளேயே சிக்கித் தாய் இறக்கிறது.

இன்னொரு கேடும் உண்டு. அதே 100 கிராம் கலவையில் மணிச்சத்து 310 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது. அதாவது சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கு என்றால் மணிச்சத்து ஏறக்குறைய ஆறு பங்கு. எலும்பு உறுதியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்தே மணிச்சத்தை விட மிகுந்திருக்க வேண்டும். தானியம் மட்டும் தின்னும் புறாவுக்குக் கணக்கு தலைகீழாகி விடுகிறது. தானியங்களில் கேழ்வரகு மட்டும் விதிவிலக்கு. 100 கிராமில் 344 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அதில் புரதம் குறைவாதலால், கலவையில் சிறிது சேர்க்கலாமே தவிர அதையே முழுத் தீவனமாக்க முடியாது.

கிளிஞ்சல் கலவை செய்யும் முறை

இந்தக் குறையை நீக்கும் பொருள் மலிவானது. 10 கிலோ கலவைக்கு, கம்பு அளவு உடைத்த கிளிஞ்சல் 6 கிலோ, செங்கல் அல்லது கருங்கல் குருணை 3 கிலோ, மரக்கரித் துண்டு 750 கிராம், கல் உப்பு 250 கிராம் எடுத்து நன்கு கலக்க வேண்டும். இதைத் தீவனத்தில் கலக்காமல் தனி மண் சட்டியில், மழை படாத இடத்தில், எந்நேரமும் வைத்திருக்க வேண்டும். புறா தன் தேவைக்கு ஏற்பத் தானே கொத்திக்கொள்ளும். முட்டையிடும் சமயத்தில் பெட்டைகள் சட்டியை விட்டு நகராமல் கொத்துவதைக் காணலாம். எச்சம் விழுந்த கலவையை எறிந்துவிட்டு வாரம் ஒரு முறை புதிது வைக்க வேண்டும்.

இதில் ஒவ்வொரு பொருளுக்கும் வேலை உண்டு. கிளிஞ்சல் இரைப்பையில் கரைந்து சுண்ணாம்புச் சத்தாகிறது. கல் குருணை கரையாமல் அரைவைப் பையில் தங்கி, பல் இல்லாத புறாவுக்கு அம்மியாக இருந்து தானியத்தை அரைக்கிறது. உப்பு தானியத்தில் இல்லாத சத்தைத் தருகிறது. உப்பு கிடைக்காத புறாக்கள் சுவரையும் சாக்கடை ஓரத்தையும் கொத்தித் திரியும். அதற்காக உப்பைத் தனியே அள்ளி வைத்துவிடவும் கூடாது. மிகுந்தால் உப்பே நஞ்சாகும்.

வடசென்னையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சம் இல்லை என்று கரையோரத்தில் கிடப்பதை அப்படியே அள்ளி வரக் கூடாது. எண்ணூர் கழிமுகத்தில் ஆலைக் கழிவும் சாம்பலும் நெடுங்காலமாகக் கலந்து வருகின்றன. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் அங்கே பரவிக் கரையெல்லாம் படிந்தது. அத்தகைய இடத்துக் கிளிஞ்சல் வேண்டாம். கோழித் தீவனக் கடைகளில் விற்கும் கிளிஞ்சல் குருணையை வாங்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டில் சேரும் கோழி முட்டை ஓடுகளைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, நொறுக்கிக் கொடுக்கலாம். வெற்றிலைக்குப் போடும் நீற்றுச் சுண்ணாம்பைக் கொடுக்கக் கூடாது. அது வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

முட்டைக் கோழித் தீவனத்தையே புறாவுக்குப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அது நாள்தோறும் முட்டை இடும் கோழிக்காகச் சுண்ணாம்பு சேர்த்து அரைத்த மாவு. புறாவோ முழு மணியைப் பொறுக்கித் தின்று பழகியது. சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு தேவையும் இல்லை. சிறுநீரகத்துக்குக் கேடும் உண்டு. தனிச் சட்டியில் வைத்தால் வேண்டியது மட்டும் வேண்டிய அளவு தின்னும்.

வெயிலும் தீவனமே

கிளிஞ்சல் தின்றாலும் வெயில் படாத புறாவுக்கு அது உடலில் சேராது. சுண்ணாம்புச் சத்தை உறிஞ்ச டி வைட்டமின் வேண்டும். அதை உடல் வெயிலில்தான் உண்டாக்குகிறது. பாலைவன ஓணான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போர் வெயிலும் சுண்ணாம்பும் இன்றி வெறும் பூச்சிகளையே கொடுக்கும்போது அவற்றின் தாடையும் கால்களும் கோணிப் போவதும் இதே காரணத்தால்தான்.

வீடுகள் நெருங்கிய தெருக்களில் மாடிப்படிக்குக் கீழும் சந்திலும் கூண்டு வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். கூண்டின் ஒரு பக்கமாவது காலை வெயில் நேரடியாகப் படும்படி, கம்பி வலை மட்டும் அடித்துத் திறந்திருக்க வேண்டும். கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. அதே சமயம், சென்னைக் கோடையில் உச்சி வெயில் கொல்லும். கூண்டின் மேல் பாதியில் கீற்று வேய்ந்து நிழல் தர வேண்டும்.

குஞ்சுக்குப் புறாப் பால்

புறாக் குஞ்சு கோழிக் குஞ்சு போல் பிறந்தவுடன் தானே பொறுக்கித் தின்னாது. 17, 18 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தம் இரைப்பையில் ஊறும் 'புறாப் பாலை' ஊட்டுகின்றன. தயிர்க்கட்டி போன்ற இதில் தண்ணீர் நீங்கலாகப் பாதிக்கு மேல் புரதமும், மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பும் உண்டு. முதல் நாலு நாள் குஞ்சுக்கு இதுவே உணவு. பிறகு ஊறிய தானியம் சிறிது சிறிதாகச் சேரும். பிறந்த இரண்டே நாளில் குஞ்சின் எடை இரட்டிப்பாவது இந்தப் பாலின் வலிமையால்தான்.

இந்தப் பால் பெற்றோரின் தீவனத்திலிருந்து வருவது. ஆகவே குஞ்சு பொரிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே ஓய்வுக் காலக் கலவையிலிருந்து குஞ்சுக் காலக் கலவைக்கு மாற்றிவிட வேண்டும். பொரித்த பிறகு பயறு தேடி ஓடுவதில் பயன் இல்லை. பெற்றோர் புறாக்கள் தண்ணீர் குடித்த பின்பே ஊட்டுமாதலால், தண்ணீர்ச் சட்டி ஒரு வேளை காய்ந்தாலும் குஞ்சு பட்டினி கிடக்கும்.

எவ்வளவு, எப்போது?

ஒரு புறா நாளுக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 30 முதல் 40 கிராம் வரை தின்னும். 20 புறா வளர்ப்பவருக்கு நாளுக்கு 700 கிராமும், மாதத்துக்கு 21 கிலோவும் தேவைப்படும். காலையில் மூன்றில் ஒரு பங்கும், மாலையில் இரண்டு பங்கும் போடலாம். குஞ்சு வளர்க்கும் ஜோடிகளுக்கு மட்டும் இந்த அளவுக் கட்டுப்பாடு வேண்டாம்.

தட்டு நிறையக் கொட்டி வைத்துவிட்டுப் போவது கூடாத பழக்கம். புறா தனக்குப் பிடித்த பட்டாணியையும் மக்காச்சோளத்தையும் முதலில் பொறுக்கிவிடும். வலுத்தது பட்டாணி தின்னும். இளைத்தது சோளத்தோடு நிற்கும். கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் தின்பது சரியாக இராது. ஆகவே பதினைந்து, இருபது நிமிடத்தில் தீரும் அளவே போட வேண்டும். கடைசியில் கம்பையும் பொறுக்கித் தின்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தின்றால் அளவு சரி. கம்பு மிஞ்சிக் கிடந்தால் மறு வேளை குறைக்க வேண்டும்.

தரையில் வீசுவதும் தவறு. எச்சத்தோடு தானியம் கலந்து குடற்புழுவும் கழிச்சலும் பரவும். தலை மட்டும் நுழையும்படி சட்டம் அடித்த நீளத் தொட்டி நல்லது. புறா அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும் பறவை. தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழமாவது இருக்க வேண்டும். காலை, மாலை இரு வேளையும் சட்டியைத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும்.

விலை மலிந்த தானியத்தில் எச்சரிக்கை

தீவனச் செலவைக் குறைக்கச் சிலர் மண்டியில் கழித்த தானியத்தை வாங்குகின்றனர். உடைந்த மணியால் தீங்கில்லை. பூசணம் பிடித்த மணியால் உயிருக்கே கேடு. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஈரம் இருந்தால் பூசணம் வளர்ந்து அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது புறாவின் ஈரலைக் கெடுக்கும். பூசணத்தைக் கழுவியோ வெயிலில் காய வைத்தோ துடைத்தாலும் நஞ்சு போகாது. மக்கல் வாடை வீசும் தானியத்தை வாங்கவே கூடாது. வாங்கியதை நன்கு காய வைத்து, மூடி இறுகிய தகர டப்பாவில், தரையில் படாமல் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மாதத் தேவைக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய மற்றொன்று விதை. விதைப்புக்கு மருந்து கலந்து, சாயம் ஏற்றிய கம்பு, மக்காச்சோளம், பயறு விதைகள் மிஞ்சினால் அவற்றைப் பறவைக்குப் போடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முழுதும் நீங்காது. விதைத்த வயலில் மேல் மண்ணில் சிந்திக் கிடக்கும் விதையை மண் தள்ளி மூட வேண்டும். மேயப் போன புறாவும் கோழியும் மயிலும் அதைத் தின்று இறப்பதைத் தடுக்கலாம்.

சொந்த நிலத்தில் பாதித் தீவனம்

மேலே சொன்ன கலவையில் பெரும் பகுதி புன்செய் விவசாயியின் களத்திலேயே கிடைப்பதுதான். கம்பும் சோளமும் மானாவாரியில் விளைகின்றன. நெல் அறுத்த தரிசில் விதைக்கும் பச்சைப்பயறில், தூற்றிச் சலித்தபின் மிஞ்சும் சிறு பயறே புறாவுக்குப் போதும். வரப்போரத் தட்டைப்பயறும், வேலியோர முருங்கையும் மற்றக் குறையைத் தீர்க்கும். பட்டாணி, கோதுமை, கிளிஞ்சல் ஆகியவற்றை மட்டும் வாங்கினால் போதும்.

நகரத்து மாடியில் வளர்ப்போர் எல்லாவற்றையும் வாங்கவே வேண்டியிருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவு குறையும். பழைய சரக்கும் தங்காது.

தீவனம் சரியாக இருந்தும் புறா இளைத்தாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, வாயில் மஞ்சள் படிந்தாலோ அது நோய். கைமருந்தில் நாளைக் கடத்தக் கூடாது. வடசென்னைவாசிகளுக்கு 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பின்பே சுரண்ட வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். உலர்ந்த எச்சத் தூசி வளர்ப்போரின் நுரையீரலுக்கு ஆகாது.

வெளியே மேயும் புறா நாலு வகைத் தானியமும், சுவர்ச் சுண்ணாம்பும், மண்ணும், தழையும் தானே தேடிக்கொள்ளும். கூண்டில் அடைத்த புறாவுக்கு அந்தத் தேடல் இல்லை. வளர்ப்பவர் கை எதைப் போடுகிறதோ அதுவே அதற்கு உலகம். ஒரு கைப்பிடி பயறும் ஒரு சட்டி கிளிஞ்சலும் கூடுதலாக வைத்தால், அடுத்த ஈட்டில் முட்டை ஓடு உறுதியாகும், தாயும் பிழைக்கும், குஞ்சும் நேரான காலில் எழுந்து நிற்கும்.